ஆறாவது லேனில் ஒரு சாண்

ஜெயித்தவன் சொல்கிற காரணத்தையும் நான் நம்புவதில்லை, தோற்றவன் சொல்கிற காரணத்தையும் நம்புவதில்லை. முப்பத்தொரு வருஷம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான். தண்ணீர்க் குழாய் என் ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஓடி முடித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து உட்காருவார்கள். ஜெயித்தவன், "நாலு மாசமா விடியக்காலை அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சேன்" என்பான். அவன் ஏழு மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்ததை நான் பார்த்திருப்பேன். தோற்றவன் வெயில் என்பான், காற்று என்பான், ஷூ கடித்தது என்பான். ஒருத்தன் காலையில் தின்ற முட்டை சரியில்லை என்றான். கோழியைக் கூட்டிவந்து விசாரிக்காததுதான் பாக்கி.

நான் "டம்ளரக் கழுவி வெச்சுட்டுப் போ" என்பதோடு சரி.

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் எண்ணத் தெரியும், அளக்கத் தெரியும். மண் மைதானம் வேலை வாங்கும். புல்லைச் செதுக்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், ஈரம் பாதி காய்ந்த நேரம் பார்த்து உருளை ஓட்ட வேண்டும். முந்தி ஓட்டினால் ஒட்டிக்கொண்டு வரும், பிந்தி ஓட்டினால் புழுதி கிளம்பும். பிறகு சுண்ணாம்பைச் சலித்துப் பெட்டியில் போட்டுக் கயிறு பிடித்து ஆறு லேன். ஒரு மழை வந்தால் அத்தனையும் பால் மாதிரி ஓடிப்போகும். மறுபடியும் முதலிலிருந்து.

மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட எட்டு வீடுகள், ஒரே வரிசையாக. முதல் வீடு எனக்கு. அடுத்தது வெல்டருடையது. நடுவில் ஒற்றைக் கல் சுவர். அவர்கள் வீட்டில் கரண்டி கீழே விழுந்தால் எனக்குத் தெரியும். வெல்டர் என்னை அண்ணே என்பான், அவன் பெண்டாட்டியும் அண்ணே என்பாள், அவர்கள் பெண் மாமா என்பாள். அப்பனுக்கும் அண்ணன், அம்மாவுக்கும் அண்ணன், பிள்ளைக்கு மாமா. முறை குழம்பித்தான் கிடந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

வெல்டரும் ஒரு காலத்தில் ஓடினவன்தான். இருநூறு மீட்டர் ஃபைனலில் கடைசியாக வந்தான். அதற்கு அவன் ஒரு காரணம் வைத்திருந்தான், முப்பது வருஷமாக, துருப்பிடிக்காமல்.

"ஸ்டார்ட்டுக்குச் சுடறவன் என் பக்கம் பாக்கவே இல்லண்ணே. பக்கத்து ஆள்கிட்டப் பேசிக்கிட்டே சுட்டுட்டான். நான் காலையே வெக்கல."

ஒரு தடவை அந்தத் துப்பாக்கிக்காரனுக்குப் பல்வலி என்பான். இன்னொரு தடவை, ரெண்டாவது லேனில் ஓடினவன் அவனுக்குச் சொந்தம் என்பான். வருஷம் ஆக ஆகத் துப்பாக்கிக்காரனுக்குக் குடும்பமே வந்துவிட்டது.

வெல்டரின் பெண்டாட்டி ஒரு தையல் ஹாலில் வேலை. காஜா எடுத்து எடுத்துக் கண் சிவந்து வீட்டுக்கு வருவாள். அவள் சொல்வாள்: "அந்தத் துப்பாக்கிக்காரன் மட்டும் கைல கெடச்சா உக்கார வெச்சு டீ போட்டுக் குடுப்பேன். ஏங்க, இவரையே ஜெயிக்க விட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா, எனக்குக் காது மிச்சமாயிருக்குமேன்னு கேப்பேன்."

பெண்ணுக்கு வெட்டுக்கிளி என்று பேர் வைத்தது நான்தான். நடக்கப் பழகினதும் சாக்கடையைத் தாண்டினாள், அப்புறம் பெஞ்சைத் தாண்டினாள், குனிந்து துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவையே தாண்டினாள். வெல்டர் பழைய குழாயை வெட்டி நாலு ஹர்டில் செய்தான். மேல்கட்டைக்கு உடைந்த கட்டிலின் சட்டம். சுவரோரம் வைத்து அவளைத் தாண்டவிட்டான். கால் ஊன்றிப் புறப்படுகிற ப்ளாக்கிலிருந்து முதல் ஹர்டில் வரைக்கும் எட்டே ஸ்டெப். "எட்டு. ஏழும் இல்ல, ஒன்பதும் இல்ல. கண்ண மூடிக்கிட்டு ஓடினாலும் எட்டாவது ஸ்டெப் ஒரே எடத்துல விழணும்." வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி அவள் அதை மூச்சு மாதிரி பழகியிருந்தாள்.

அவள் ஜெயித்துவிட்டு வந்தால் வெல்டர் தெரு முழுக்கச் சொல்வான்: "நான் வெச்சுக் குடுத்த ஹர்டில்ல பழகினவடா." தோற்றுவிட்டு வந்தால் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்துக் கேட்பான்: "காலத் தூக்க என்ன சோம்பல் உனக்கு?" ஜெயித்தால் அவன், தோற்றால் அவள். அவள் ரெண்டையும் ஒரே முகமாகக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவாள். பொறுமையான பிள்ளை என்று நினைத்தேன். அது பொறுமை இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

எங்கள் மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு இரும்பு டேப். முப்பது மீட்டர். ஒரு நாள் உருளைக்கு அடியில் சிக்கி நாலாவது மீட்டருக்குப் பக்கத்தில் அறுந்துபோனது. புதுசு கேட்டு ஆபீஸில் எழுதிக் கொடுத்தார்கள். வரவில்லை. வெல்டரிடம் கொண்டுபோனேன். நசுங்கின இடத்தை வெட்டியெறிந்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ரெண்டு ரிவெட் அடித்துக் கொடுத்தான். வெட்டினதில் ஒரு சாண் போயிற்று. என் கையால் சரியாக ஒரு சாண். அதற்குப் பிறகு அந்த டேப் பதிமூன்று மீட்டர் என்று காட்டினால் நிஜத்தில் ஒரு சாண் குறைச்சல். நான் டேப்பை இழுத்து, எண் வந்த இடத்தில் கையை விரித்து வைத்து, சுண்டு விரல் முடிகிற இடத்தில் ஆணி அடிப்பேன். பதினோரு வருஷமாக இப்படித்தான் இந்த மைதானத்தை அளந்தேன். ஓடினவர்கள் யாருக்கும் தெரியாது.

தெரிந்தவள் வெட்டுக்கிளி ஒருத்திதான். ஏழு வயசிலிருந்து டேப்பின் பூஜ்ய முனையை அவள்தான் பிடிப்பாள். பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கத்துவாள்: "சாண், மாமா!"

"போட்டாச்சுடீ."

"நெஜமா?"

"உன் தலை மேல."

"என் தலை வேணாம், உங்க தலை மேல!"

ஒவ்வொரு அளவுக்கும் இதே பேச்சு. எனக்கு ஞாபகம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் அவள் கத்துவாள்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்த வருஷம், விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு எங்கள் மைதானத்தில் நடந்தது. இருபது வயசுக்கு உட்பட்டவர்களுக்கு. முதல் ரெண்டு பேருக்கு இடம். சாப்பாடு, படிப்பு, சிமெண்டுக்கு மேல் ரப்பர் போட்ட ஓடுபாதை எல்லாம் அங்கே. அவளை அடிக்க அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை என்று மாஸ்டரே சொன்னார். மாஸ்டர் எங்கள் மைதானத்தின் கோச். யாரையும் சுலபத்தில் புகழாதவர்.

முந்தின சாயங்காலமே பத்து வரிசை ஹர்டிலுக்கும் அளந்து கோடு போட்டுவிட்டேன். விடிகிற நேரத்தில் ஒரு மழை. பெரிய மழை இல்லை. ஆனால் பள்ளத்தில் இருந்த முதல் வரிசையில் மட்டும் தண்ணீர் நின்று கோடு கரைந்துவிட்டது. சாக்கைப் போட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்து, மணல் தூவி, மறுபடியும் அளக்க உட்கார்ந்தேன். வெட்டுக்கிளி தூரத்து மூலையில் உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். டேப்பைப் பிடிக்க ஸ்டோர் கிளார்க் வந்தார். அவருக்கு சாண் விஷயம் தெரியாது. நான் சொன்னதும் இல்லை.

ஹர்டில் வரிசைக்கு ஒவ்வொரு லேனாக அளப்பதில்லை. முதல் லேனின் ஓரத்தில் ஒரு ஆணி, ஆறாவது லேனின் ஓரத்தில் ஒரு ஆணி, நடுவில் கயிறு. கயிற்றின் மேல் சுண்ணாம்பு. முதல் லேன் பக்கம் புறப்படுகிற கோட்டிலிருந்து பதிமூன்று மீட்டர் அளந்தேன். சாண் போட்டேன். ஆணி அடித்தேன். அப்போது ஆபீஸிலிருந்து ஆள் வந்து, "பெருசு, விருந்தாளி நாற்காலியெல்லாம் நனைஞ்சு கெடக்கு, தொடைக்க ஆள் இல்ல" என்றான். போய்ப் பதினாலு நாற்காலி துடைத்தேன். திரும்பி வருவதற்குள் மைக்கில் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆறாவது லேன் பக்கம் ஓடினேன். டேப்பை இழுத்தேன். பதிமூன்று. ஆணி. கயிறு. சுண்ணாம்பு.

"சாண், மாமா" என்று யாரும் கத்தவில்லை.

ஒரு நுனி தப்பினால் கயிறு நேராகத்தான் நிற்கும், கோணலாக நிற்காது. கோடு மட்டும் சாய்ந்திருக்கும். ஏழு மீட்டர் அகலத்தில் ஒரு சாண் சாய்வு எந்த அதிகாரியின் கண்ணுக்கும் படாது. பட்டால்தான் அதிசயம். முதல் லேன்காரிக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவதுக்குக் கொஞ்சம். ஐந்தாவதில் ஓட வேண்டியவள் வரவேயில்லை. ஆறாவதுக்கு முழு சாண்.

ஆறாவது லேன் வெட்டுக்கிளிக்கு விழுந்திருந்தது.

துப்பாக்கி வெடித்தது. நான் உருளைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எட்டு ஸ்டெப். அவள் எழும்பும்போதே கட்டை அவள் முட்டிக்கு அடியில் இருந்தது. ஹர்டிலோடு சேர்ந்து உருண்டாள். மற்றவர்கள் போய்விட்டார்கள். ஈர மண்ணில் குப்புறக் கிடந்தவள் தலையைத் தூக்கி அந்த ஹர்டிலைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தாள்.

வெல்டர் கூட்டத்துக்குக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடிவந்தான். தூக்குவதற்கு என்று நினைத்தேன். ஊர் கேட்கச் சொன்னான்: "எட்டு. எட்டு வரைக்கும் எண்ணத் தெரியல உனக்கு."

அதுதான் அவன் அவளிடம் பேசின கடைசிப் பேச்சு.

சாயங்காலம் ஹர்டில்களை எடுத்து அடுக்கப் போனேன். ஆறாவது லேனில் முதல் ஹர்டில் விழுந்த இடத்தில் கோடு அழியாமல் இருந்தது. என்னவோ நெருடியது. டேப்பை நானே ஆணியில் மாட்டி இழுத்தேன். பதிமூன்று என்று டேப் காட்டிய இடத்திலேயே கோடு இருந்தது. என் கையை விரித்து வைத்தேன். சுண்டு விரலுக்கு அடியில் வெறும் மண்.

சுற்றும் முற்றும் பார்த்தேன். காலால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தேன்.

மற்றவர்களின் காரணத்தைக் கேட்டுச் சிரித்தவன் அன்றைக்கு எத்தனை காரணம் கண்டுபிடித்தேன் தெரியுமா? மழை. நாற்காலி. டேப் வாங்கித் தராத ஆபீஸ். கோடு சாய்ந்ததைப் பார்க்காத அதிகாரி. ரிவெட் அடித்த வெல்டர். இன்றைக்கு வேண்டாம், பிள்ளைக்கு முட்டி ஆறட்டும், அப்புறம் சொல்லலாம் என்றேன். முட்டி ரெண்டு மாசத்தில் ஆறிவிட்டது. நான் சொல்லவில்லை. வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். இதுவும் ஒரு காரணம்தான், வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டர் நாலு ஹர்டிலையும் அறுத்துத் தண்ணீர்க் குடம் வைக்க ஸ்டாண்ட் செய்துவிட்டான். நல்ல வேலைப்பாடு, ஒரு ஆட்டம் கிடையாது. வெட்டுக்கிளி தையல் ஹாலுக்கு அம்மாவோடு போக ஆரம்பித்தாள், நூல் வெட்ட. காலையில் அந்த ஸ்டாண்டில்தான் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்து மூடுவாள். சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.

"அவள டார்ச்ச எங்க வெச்சான்னு கேளு" என்பான் வெல்டர் பெண்டாட்டியிடம்.

"அவ இங்கதான நிக்கறா. நீங்களே கேளுங்க."

அவன் இழுப்பறையைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்கும்.

"அலமாரி மேலன்னு சொல்லும்மா" என்பாள் வெட்டுக்கிளி.

"நான் என்ன உங்களுக்குப் போஸ்ட் ஆபீஸா?" என்று அம்மாக்காரி கத்துவாள். சிரிப்பு வரவேண்டிய பேச்சு. அந்த வீட்டில் யாரும் சிரித்துக் கேட்கவில்லை. எட்டு மாசம், ஒன்பது மாசம், பத்து மாசம்.

அப்போதுதான் காகிதக்காரப் பெண் வந்தாள். கண்ணாடி, தோளில் பை, பை நிறையக் காகிதம். பெரிய படிப்பு படிக்கிறாளாம். ஓடுகிறவர்கள் ஜெயித்தால் என்ன காரணம் சொல்கிறார்கள், தோற்றால் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறாளாம்.

"அதுக்கு எதுக்கும்மா படிப்பு? என் குழாயடில ஒரு வாரம் உக்காரு, போதும்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. உண்மையிலேயே குழாயடியில் உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. கேட்கிறவர்களைவிட எழுதிக்கொள்கிறவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. ஓடுவதை விட்டவர்களும் வேண்டும் என்று அவள் கேட்டபோது மாஸ்டர் வெட்டுக்கிளியைச் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிவந்து என் ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார வைத்துக் கேட்டாள். நான் உள்ளே சுண்ணாம்பு சலித்துக்கொண்டிருந்தேன்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ரெண்டு போட்டில ஜெயிச்சிருக்கீங்க. எதனால?"

"நல்லா ஓடறவங்க வரல."

"ரெண்டுக்குமா?"

"ஒண்ணுல காத்து பின்னாடியிருந்து அடிச்சுது."

"தோத்தீங்களே, கடைசியா. அது எதனால?"

"நான்."

"நீங்கன்னா? பயிற்சி பத்தலயா, பயமா, கவனம் தப்பிடுச்சா?"

"நான்தான். நான் அப்படித்தான்."

"அடுத்த தடவ மாறும்னு தோணுதா?"

"இல்ல. ஆளு மாறுமா?"

சல்லடை என் கையில் நின்றுவிட்டது.

வெட்டுக்கிளி போன பிறகு காகிதக்காரப் பெண் தண்ணீர் குடிக்க வந்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவினாள். "இங்க இருக்கற பசங்க எல்லாரும் ஜெயிச்சா நான்னும், தோத்தா நடுவர்னும் சொல்றாங்க, பெரியவரே. கேக்கச் சிரிப்பா இருக்கு. ஆனா அவங்க நாளைக்குத் திரும்பி வந்து ஓடுவாங்க. இந்தப் பொண்ணு ஜெயிச்சதையெல்லாம் வெளில குடுத்துட்டு, தோத்தத மட்டும் உள்ள வெச்சுக்கிட்டிருக்கு. இது வராது."

"வர வைக்க முடியாதா?"

"உண்மையிலேயே வேற காரணம் ஏதாவது இருந்து, அது அவளுக்குத் தெரிஞ்சா..." என்றாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, "அவளுக்கு வயசு இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. ஒரே ஒரு தடவைக்கு. அடுத்த தேர்வு அதே மாசம் கடைசியில். அதற்குப் பிறகு அவளுக்கு இருபது முடிந்துவிடும். அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமைக்குள் பேர் கொடுக்க வேண்டும்.

மறு ஞாயிறு காலை பதினோரு மணிக்கு டேப்பை எடுத்துக்கொண்டு வெல்டர் வீட்டுக்குப் போனேன். வெல்டர் குக்கர் கைப்பிடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி வெங்காயம் நறுக்கினாள். வெட்டுக்கிளி அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே, உக்காருங்க. டீ போடறேன்."

"வேணாம்மா. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். டேப்பைத் தரையில் இழுத்து ரிவெட் தெரியும்படி வைத்தேன். மழை, நாற்காலி, கிளார்க், ஆணி எல்லாம் சொன்னேன். கோட்டை அழித்ததையும் சொன்னேன். "புள்ள சரியாத்தான் ஓடுச்சு. ஹர்டில்தான் ஒரு சாண் முன்னாடி நின்னுது. நான் நிறுத்தினேன்."

வெல்டர் எழுந்து நின்றான். அவன் முகத்தில் ரத்தம் ஏறியது. "நான் அப்பவே நெனச்சேன்! பாத்தியாடி? நான் அப்பவே நெனச்சேன்!" அவன் ஒன்றும் நினைக்கவில்லை, எனக்குத் தெரியும். "ஒரு டேப் வாங்கித் தர வக்கில்லாத ஆபீஸு. எழுதிப் போடறேன். கோடு சாஞ்சத பாக்காம குருட்டு அதிகாரிங்க..." அவனுக்கு இன்னொரு துப்பாக்கிக்காரன் கிடைத்துவிட்டான். சந்தோஷம்கூட வந்த மாதிரி இருந்தது.

"அப்பா" என்றாள் வெட்டுக்கிளி.

பதினோரு மாசம் கழித்து அவள் அவனை நேராகக் கூப்பிட்டது அப்போதுதான். வெல்டர் அடங்கிவிட்டான்.

அவள் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னைப் பார்த்து, "மாமா, அந்தக் காகிதக்காரம்மா சொல்லிக் குடுத்தாங்களா?" என்றாள்.

"யாரும் சொல்லித் தரல. நெஜம்."

"நீங்க சாண் போடாம விடுவீங்களா? நான் எத்தன வருஷம் பிடிச்சிருக்கேன். ஒரு தடவகூட விட்டதில்ல."

"அன்னைக்கு விட்டேன்டீ. நீ கத்தல."

"மாமா." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "எனக்கே தெரியும். எட்டாவது ஸ்டெப்புல ஹர்டில் ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. என் கால் நீளமா விழுந்துடுச்சு. ஆசப்பட்டு ஓடினா அப்படித்தான் விழும். மனசு நல்லாருக்கட்டும்னு நீங்க வந்து சொல்றீங்க. உங்க மேல பழியப் போட்டுக்கறீங்க. வேணாம்."

"கிட்ட வந்துச்சுன்னு நீயே சொல்ற பாரு. அது ஏன்னு யோசி."

"யோசிக்க மாட்டேன்." அயர்ன் பண்ணின சட்டையை எடுத்து மடித்தாள். மடித்துக்கொண்டே அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்: "இந்த வீட்டுல ஒரு துப்பாக்கிக்காரன் போதும். அவன வெச்சுக்கிட்டு முப்பது வருஷம் ஒருத்தர் உக்காந்திருக்கறத பாத்துட்டேன். எனக்கு அப்படி ஒரு ஆள் வேணாம் மாமா. தோத்தா தோத்ததுதான்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள். வெல்டர் குக்கர் கைப்பிடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "நீங்க போங்கண்ணே" என்றான். டேப்பைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

மாஸ்டரிடமும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு ஜன்னல் கதவைச் சாத்தினார். "இத இப்ப வெளில சொல்லி என்ன ஆகப்போகுது? வாய மூடிக்கிட்டு இரும். பொண்ணு பேர நானே எழுதிடறேன். வந்து ஓடட்டும்." எழுதினார். வெள்ளிக்கிழமை போயிற்று. அவள் வந்து கையெழுத்துப் போடவில்லை. தேர்வு நாளன்று மழை இல்லை. ஆறு லேனுக்கும் ஒழுங்காக அளந்து, சாண் போட்டு, போட்டேனா என்று திரும்பவும் பார்த்து, கோடு போட்டேன். அவள் பேரைக் கூப்பிட்டார்கள், மூணு தடவை. ஆறாவது லேனில் பத்து ஹர்டிலும் ஆள் இல்லாமல் நின்றன. ஜெயித்த பெண் குழாயடிக்கு வந்து, "அஞ்சு மணிக்கே எழுந்திரிப்பேன்" என்றாள். எழுந்திரித்திருப்பாள், பாவம்.

அதற்கு மறுநாள் காலையில் வெல்டர் மைதானத்துக்கு வந்தான். பதினோரு மாசத்தில் அவன் அந்தக் கேட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வேலைச் சட்டையோடு, கையெல்லாம் கரி.

"காட்டுங்க" என்றான்.

ஆறாவது லேன் எங்கள் வீடுகளின் சுவரை ஒட்டி ஓடுவது. அங்கே கூட்டிப்போனேன். டேப்பை மாட்டி இழுத்தேன். டேப் பதிமூன்று காட்டின இடத்தில் ஒரு புள்ளி. சாண் போட்ட இடத்தில் ஒரு புள்ளி. இடையில் வெறும் மண்.

அவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். டேப்பைக் கையில் எடுத்து ரிவெட்டைத் தடவினான். "நாந்தான அடிச்சேன்" என்றான், தனக்குள். பிறகு எழுந்து ப்ளாக் வைக்கிற கோட்டுக்குப் போனான். அங்கிருந்து நடந்து வந்தான். வழியில் எட்டு இடத்தில் நின்று குதிகாலால் மண்ணில் கோடு கீறினான். தன் காலடி இல்லை, அவளுடைய காலடி. முதல் ஸ்டெப் எவ்வளவு, ரெண்டாவது எவ்வளவு என்று எல்லாம் அவன் காலுக்குத் தெரிந்திருந்தது. வருஷக்கணக்கில் அவள் பின்னாலேயே நடந்து அளந்தவன்.

எட்டாவது கீறலில் நின்றான். அங்கிருந்து கிட்டே இருந்த புள்ளியைப் பார்த்தான். தள்ளி இருந்த புள்ளியைப் பார்த்தான். பக்கத்தில் போய்க் குனிந்து தன் கையை விரித்து ரெண்டு புள்ளிக்கும் நடுவில் வைத்தான். அவன் கை சின்னது, எட்டவில்லை. திரும்ப வைத்துப் பார்த்தான். திரும்பவும் வைத்தான்.

"எட்டும் சரியாத்தான் எண்ணியிருக்கா" என்றான்.

நான் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"ஒரு வெரல் அகலம்கூட மாறலண்ணே. இந்த எடத்துலதான் கால் வெச்சிருக்கா. மண்ணுல கெடக்கறவள நான்..." முடிக்கவில்லை. என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "இப்ப நான் அவகிட்ட என்னன்னு ஆரம்பிச்சுப் பேசறது? மறந்துபோச்சுண்ணே. பேசற பழக்கமே விட்டுப்போச்சு."

அவன் எழுந்து, கையை சட்டையில் துடைத்துக்கொண்டு, கேட்டை நோக்கிப் போனான். பாதி தூரம் போய் ஓடினான். ஐம்பது வயசு ஆள், கனத்த பூட்ஸ், ஓடினான். கேட் வழியாக வெளியே போய், வரிசையைச் சுற்றி, வீட்டுக் கதவைத் தள்ளுகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு, சத்தமாக, பேர் சொல்லாமல் கேட்டான்:

"சாப்டியா?"

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"யாரக் கேக்கறீங்க?" என்றாள் அவன் பெண்டாட்டி. "இன்னைக்குக் காலை ஷிஃப்ட்டு அவளுக்கு. போயி ரெண்டு மணி நேரமாச்சு."

அப்புறம் அந்தக் குட ஸ்டாண்ட் தரையில் இழுபடுகிற சத்தம் வந்தது. அவன் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் தெளிக்கிற நேரம். குழாயைத் திறந்துவிட்டு வந்து, அவன் கீறின எட்டுக் கோட்டின் மேலும் தண்ணீர் படாமல் பார்த்து, சுற்றிச் சுற்றித் தெளித்தேன்.